ராகு காலத்துக்கு ஆறு நிமிடம் முன்

"24 மே 1985, வெள்ளி. காலை 10.02: குளிர் வந்தது. 10.24: தீ."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். முதல் பாதி பேனாவால், நேரத்தோடு நேரமாக, வண்டியின் பக்கத்தில் நின்றபடி எழுதியது. இரண்டாம் பாதி அன்று சாயங்காலம் பென்சிலால் எழுதியது. பேனா எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மற்ற நாட்களில் கத்திரிக்காய் வாங்கியதைக்கூட நான்கு வரி எழுதுகிறவன் நான். அந்த நாளுக்கு மட்டும் கை ஓடவில்லை.

அப்போது நாங்கள் பழங்காநத்தத்தில் இருந்தோம். அண்ணன், மதினி, அவர்களுடைய ஒரே மகள், கல்யாணமாகாத நான். ஒரு மில்லின் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகம். கையில் கிடைத்ததையெல்லாம் படித்து, பிடித்ததை ஒரு தடித்த நோட்டில் தேதியோடு குறித்து வைப்பேன். அண்ணன் எட்டாவதோடு நின்றவர். பம்ப்செட்டும் குழாயும் ஏற்றிக்கொண்டு மேலூரிலிருந்து எழுமலை வரை போய் இறக்கிவிட்டு வருவது அவர் தொழில். எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று உலகத்தில் நம்பிய ஒரே மனிதர் அவர்.

மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு வேர்க்காது.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். பிறந்து முதல் சித்திரையிலேயே காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினோம். அடுத்த சித்திரையிலும் அதே காய்ச்சல். மூன்றாவது வருஷம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவளுடைய பற்களையும் முடியையும் பார்த்தார். இரண்டும் சொற்பம். பிறகு உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சொந்தத்துல கல்யாணமா?" என்று அண்ணனைக் கேட்டார். மதினி எங்கள் அத்தை மகள். டாக்டர் தலையாட்டினார். இந்தக் குழந்தையின் தோலில் வேர்வை சுரக்கிற அமைப்பே இல்லை, உடம்பு சூடானால் தானாக ஆறாது, நீங்கள்தான் ஆற்ற வேண்டும் என்றார். மருந்து உண்டா என்று மதினி கேட்டாள். "நிழல், தண்ணி" என்றார் அவர்.

அதிலிருந்து எங்கள் வீடு அவளுடைய உடம்பைச் சுற்றி ஓடியது. கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு. பள்ளிக்கூடத்தில் பானைக்குப் பக்கத்து இடம். கோடை விடுமுறையில் காலை பத்து மணிக்குமேல் வாசல் தாண்டக் கூடாது. பின்பக்கத்து சிமெண்டுத் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, தொட்டி விளிம்பில் நோட்டை வைத்துப் படம் வரைவாள். தெருப்பிள்ளைகள் அவளுக்கு "தவளை" என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் அதை ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாள். "தவளைக்குக் காது கெடையாது, அதான் எனக்குக் கம்மல் இல்ல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டேன்.

கம்மல் இல்லாததுதான் அவளுடைய குறை. எட்டு வயதாகியும் காது குத்தவில்லை. எங்கள் குலசாமி கோயில் எழுமலைக்கும் அப்பால், நிழலுக்கு ஒரு மரம் இல்லாத பொட்டலில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, வைகாசியில்தான் நடை திறக்கும். பொங்கல் வைத்து, கெடா வெட்டி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த உச்சி வேளை ஆகிவிடும். 1982 வைகாசியில் விடியற்காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். கூட்டம். வழியில் பஸ் நின்றுவிட்டது. உசிலம்பட்டியில் இறங்கும்போது அவளுக்குக் கண் செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரை அப்படியே அவள் தலையில் கொட்டினார். அதனால்தான் பிழைத்தாள். பிறகு இரண்டு வைகாசி போய்விட்டது. குலசாமிக்கு முடி கொடுக்காமல் காது குத்தினால் பிள்ளைக்கு ஆகாது என்று மதினி பயந்தாள். கூட்டிக்கொண்டு போனால் பிள்ளை செத்துப்போகும் என்று அண்ணன் பயந்தார். இரண்டு பயத்துக்கும் நடுவில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது.

1985 பிப்ரவரியில் அண்ணன் ஒரு ஏலத்துக்குப் போனார். வெளிநாட்டு உதவியில் கிணறு தோண்டிக்கொண்டிருந்த ஒரு திட்டம் முடிந்து, சாமான்களை விற்றார்கள். அதில் ஒரு பிக்கப் வண்டி. இடதுபக்கம் ஸ்டியரிங். முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. முன் அறைக்கு ஏ.சி. உண்டு. மதுரையில் அன்றைக்கு ஏ.சி. கார்களே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் ஓடின. சாமான் ஏற்றுகிற வண்டியில் ஏ.சி. என்பது தெருவையே வாசலில் கூட்டிவிட்டது.

"நான் வண்டி வாங்கலடா. நம்ம பிள்ளைக்கு ஒரு குளுந்த ரூம்பு வாங்கியிருக்கேன், சக்கரம் வச்சது" என்றார் அண்ணன்.

வைகாசிப் பொட்டலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பிள்ளையை உள்ளே உட்கார வைத்துக்கொள்ளலாம். கூப்பிடும்போது இறக்கி, மாமன் மடியில் வைத்து, குத்தியதும் மறுபடி ஏற்றிவிடலாம். திட்டம் அவ்வளவுதான். அதில் ஒரே குறை, ஏ.சி. வேலை செய்யவில்லை. பொத்தானைத் தட்டினால் காற்று வந்தது. அந்தக் காற்றும் அடுப்படிக் காற்றாக இருந்தது.

நகரத்தில் கார் ஏ.சி. பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். இந்த மாதிரி கம்ப்ரஸரை நான் கண்ணால் பார்த்ததில்லை, சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார். அந்த வருஷம் கோயில் நடை மே 26, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானதும் சென்னை போகிற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அண்ணன் தன் சிநேகிதர் ஒருவரைக் கூட்டிவந்தார். மருந்துக்கடைகளிலும் கலர் சோடாக் கடைகளிலும் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அண்ணன் மட்டும் மாப்ள என்பார்.

பாய் பானெட்டைத் தூக்கி, குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "அண்ணே, ஃப்ரிட்ஜுன்னா அது பாட்டுக்கு ஒரு மூலையில நிக்கும். இது ஓடுற ஃப்ரிட்ஜு. குலுங்கும். எனக்கு இது புதுசு."

"நீ தொறந்து பாரு மாப்ள. புரியலைன்னா மூடிருவோம்."

"தொறக்குறது சுலபம்ணே. மூடுறதுலதான் மானம் போகும்."

மே 19, ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் முற்றத்தில் கம்ப்ரஸரைக் கழற்றினோம். நன்றாக விளைந்த தேங்காயைவிடச் சற்றுப் பெரியது, கனம் மட்டும் அம்மிக்குழவி. போல்ட்டு, வளையம், நெட்டு எல்லாவற்றையும் மதினியின் சொளகில் போட்டோம். ஒவ்வொன்றிலும் நூலில் சீட்டுக் கட்டி எண் எழுதினேன். எந்த எண் எந்த இடத்திலிருந்து வந்தது என்று நோட்டில் படம் போட்டேன்.

"சாரு இந்த நெட்டுக்கு ஜாதகமே எழுதிட்டாரு. இனி இதுக்குப் பொண்ணு பாக்க வேண்டியதுதான் பாக்கி" என்றார் பாய்.

"ஜாதகம் எழுதுங்க, கல்யாணம் பண்ணுங்க. நாளைக்கு எனக்கு அரிசி பொடைக்கச் சொளகு வேணும்" என்றாள் மதினி.

பழுது இருந்த இடம் தெரிந்தது. இன்ஜினிலிருந்து பெல்ட் வந்து சுற்றுகிற தண்டு கம்ப்ரஸருக்குள் நுழையும் இடத்தில், உள்ளே இருக்கிற கேஸ் வெளியே போகாமல் தடுக்க ஒரு கரி வளையம் இருக்கும். அது தேய்ந்து பள்ளமாகியிருந்தது. புது வளையத்துக்கு எங்கே போவது? பாய் ஒரு கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்து, அதன்மேல் பல்பொடியும் எண்ணெயும் குழைத்துப் போட்டு, வளையத்தை ஒரு விரலால் அழுத்தி எட்டு எழுதுகிற மாதிரி சுற்றித் தேய்த்தார். இரண்டு சாயங்காலம் அதே வேலை. தேய்த்துத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி தேய்த்து. கடைசியில் அந்த வளையத்தில் மகள் தன் முகத்தைப் பார்த்தாள்.

புதன்கிழமை மாட்டினோம். பாயிடம் மீதமிருந்த ஒரு சின்ன உருளை கேஸை நிரப்பினார். ஃப்ரிட்ஜுக்கு ஊற்றுகிற, தீப்பிடிக்காத கேஸ். குளிர் வந்தது. அண்ணன் பாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். வியாழக்கிழமை காலை பொத்தானைத் தட்டினால் மறுபடியும் அடுப்படிக் காற்று. ராத்திரியோடு கேஸ் பெரும்பாலும் போய்விட்டது.

பாய் சவரச் சோப்பை மக்கில் நுரைக்க அடித்து, குழாய்களின் மூட்டுகளில் பிரஷ்ஷால் தடவினார். கேஸ் கசிகிற இடத்தில் குமிழ் வரும். மிச்சமிருந்த கொஞ்சத்தில் ஒரே ஒரு மூட்டில், ரப்பர் குழாய் இரும்போடு சேருகிற இடத்தில், குமிழ் ஒன்று வந்து உடைந்தது. அந்த இடத்தை முறுக்கினார். ஆனால் இனி நிரப்ப கேஸ் இல்லை. கடையில் கேட்டால், சென்னையிலிருந்து லோடு வரப் பத்து நாளாகும் என்றார்கள். கோயில் நடை திறக்க மூன்று நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் முற்றத்தில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் பீடியை உருட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

என் தடித்த நோட்டில் இருந்தது. ஒரு நூலகப் புத்தகத்திலிருந்து சில வருஷங்களுக்கு முன் குறித்து வைத்தது. இந்தத் தீப்பிடிக்காத கேஸ் வருவதற்கு முன்பு குளிர்பதனப் பெட்டிகளில் வேறு வாயுக்களைப் பயன்படுத்தினார்கள், அவற்றில் சில நாம் சமையலுக்கு எரிக்கிற வாயுவின் இனம் என்று. நோட்டை எடுத்துவந்து விளக்கு வெளிச்சத்தில் படித்துக் காட்டினேன். தேதி, பக்க எண் எல்லாம் சொன்னேன்.

பாய் பீடியை அணைத்தார். "சார், சமையல் கேஸையா சொல்றீங்க?"

"அதே இனம். அழுத்தம்கூட ஏறக்குறைய இதே அளவுதான்."

"எரியுமே சார்."

"அடைபட்ட குழாய்க்குள்ளே காத்து இல்லாம எப்படி எரியும் பாய்? இன்ஜின்ல பெட்ரோல் ஓடலையா?"

"பெட்ரோல் பேசாம இருக்கும். கேஸ் இருக்க எடத்துல இருக்காது." அவர் அண்ணனைப் பார்த்தார். "எனக்கு மனசு ஒப்பலண்ணே. சாரு படிச்சவரு. நான் கைவேலைக்காரன். நீங்க சொல்லுங்க."

மதினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "எத்தன வருஷம் பதிஞ்சு வச்சு வாங்குன சிலிண்டரு. சோறு பொங்கவா, வண்டிக்கு ஊட்டவா?"

அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ படிச்சதுல தப்பு இருக்குமாடா?"

"இல்லண்ணே" என்றேன்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய். எத்தனையோ வருஷமாக, பேப்பரில் வருகிற ஊர் எங்கே இருக்கிறது, கிரகணம் எப்படி வருகிறது என்று அவர் கேட்பதற்கெல்லாம் அதே தொனியில் பதில் சொல்லி வந்தேன். இதற்கும் அதே தொனி வந்தது. அவருக்கு அது போதும். "அப்பச் செய் மாப்ள" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் சமையல் சிலிண்டரை முற்றத்துக்குத் தூக்கிவந்தோம். அதை வண்டிக்குள் எப்படிச் செலுத்தினோம் என்பதை இங்கே எழுதமாட்டேன். படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் செய்து பார்த்துவிடக் கூடாது. அப்படிச் செய்பவர்கள் உண்டு. நானே சாட்சி.

பத்து மணி இரண்டு நிமிடத்துக்குக் குளிர் வந்தது. சாதாரணக் குளிர் அல்ல. புதன்கிழமை வந்ததைவிடக் கடுமையான குளிர். காற்று வருகிற துவாரத்தில் கையை வைத்த பாய் சட்டென்று இழுத்துக்கொண்டு, "யா அல்லா" என்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பெருமை. நேரத்தைப் பார்த்துக் குறித்தேன்.

அண்ணன் மகளைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தூக்கிவந்து, ஈரப் பாவாடையோடு முன் சீட்டில் உட்கார வைத்தார். வெளியே கத்திரி வெயில். கண்ணாடிகளை ஏற்றினோம். உள்ளே அவள் மூச்சுவிட்டுக் கண்ணாடியில் ஆவி பிடித்தது. அதில் விரலால் ஒரு முகம் வரைந்தாள். காதில் பெரிய பெரிய கம்மல் போட்டாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பி நின்றார். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பிள்ளை மே மாதத்துப் பகல் பத்து மணிக்குத் துண்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கதவைத் திறக்காதே. குளிர் போயிரும்" என்று கதவைச் சாத்தும் முன்பே நான் சொல்லியிருந்தேன். பக்கத்துக் கதவின் பூட்டுக் குமிழை அழுத்திக் காட்டினேன். அவள் அதே மாதிரி எதிர்ப்பக்கத்துக் குமிழையும் அழுத்திவிட்டுத் தலையாட்டினாள்.

மதினி குளித்துத் தலைமுடிந்து தயாராக இருந்தாள். வெள்ளிக்கிழமை, வண்டி நல்லபடியாக ஆகிவிட்டது, நாளை மறுநாள் குலசாமிக்குப் பயணம். சூடம் காட்டாமல் எப்படி? எங்கள் பக்கத்தில் வண்டிக்கு டயர் மாற்றினால்கூட எலுமிச்சம்பழம் நசுக்காமல் தெருவில் இறக்கமாட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தாயிற்று. பானெட்டில் விபூதிப் பட்டையும் குங்குமமும். தாம்பாளத்தில் சூடம் அடுக்கியிருந்தது.

பாய் சோப்பு மக்கோடு நின்றார். "அக்கா, ஒரு பத்து நிமிஷம். மூட்டுக்கு மூட்டு நுரை போட்டுப் பாத்துர்றேன். ஜும்மாவுக்கு நேரம் கெடக்கு."

"பத்தரைக்கு ராகு காலம் வந்துருமே தம்பி. சூடத்தக் காட்டிட்டு வண்டிய ரெண்டடி நகத்திட்டா முடிஞ்சது. அப்புறம் நீங்க நாள் முழுக்க நுரை போடுங்க." என்னைப் பார்த்து, "மணி என்ன தம்பி?" என்றாள்.

"பத்து இருபத்தி மூணு" என்றேன்.

பாய் மக்கைக் கையில் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கினார். இன்னொரு வீட்டு சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்கிற மரியாதை. இதைவிடத் துல்லியமாக எனக்கு வேறெதுவும் நினைவில்லை: நுரை அவருடைய மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் நிற்கக் கூடாது என்று யாரும் அணைக்கவில்லை. அண்ணன் கைகூப்பினார். மதினி சூடத்தைப் பற்றவைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, தாம்பாளத்தை வண்டிக்கு முன்னால் தரையில் வைக்கக் குனிந்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத அதிர்ச்சி. ஈரப் போர்வையை உதறின மாதிரி ஒரு "குப்". வெயிலில் முதலில் தீயே தெரியவில்லை. தரையில் ஏதோ நீலமாக ஓடியது. தாம்பாளத்திலிருந்து கிளம்பி, எலுமிச்சம்பழத்தைத் தாண்டி, வண்டிக்கு அடியில் புகுந்தது. மதினி கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். அடுத்து பானெட்டின் இடுக்குகளில் மஞ்சளாகக் கிளம்பியது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மகள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்தாள். நான் திறக்காதே என்று சொல்லியிருந்தேன் அல்லவா? திறக்கச் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் கையில் நோட்டோடு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. நேரம் குறிப்பதையே பழக்கமாக வைத்திருந்தவனுக்கு அந்த நேரம் தெரியாது.

மதினி வெந்த கையோடு எழுந்து கதவைப் பிடித்து இழுத்தாள். "தொறடி! ஆத்தா, தொறடி!" பூட்டுக் குமிழ் கீழே இருந்தது. அண்ணன் அடுத்த கதவுக்கு ஓடினார். அதுவும் பூட்டியிருந்தது. பாய்தான் மக்கை வீசிவிட்டு, தரையில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து வலதுபக்கக் கண்ணாடியை இரண்டு அடியில் உடைத்தார். அண்ணன் இடுப்புவரை உள்ளே நுழைந்து அவளை இழுத்தார். கண்ணாடி அவர் வயிற்றைக் கீறியதை அப்புறம்தான் பார்த்தோம். தூக்கிக்கொண்டு ஓடி, தொட்டியில் அவளோடு சேர்ந்து அவரும் விழுந்தார்.

பக்கத்தில் வீடு கட்ட வைத்திருந்த மணலைத் தெருவே அள்ளிக் கொட்டியது. யாரோ சிலிண்டரை உருட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினார்கள். அதைச் செய்தவர் யார் என்று பிறகு கேட்டு எழுதிவைத்திருக்க வேண்டும். செய்யவில்லை.

மகளுக்குத் தீக்காயம் ஒரு இடத்தில்கூட இல்லை. ஆனால் உடம்பு கொதித்தது. அந்தச் சில நிமிட வெக்கை அவளுக்குப் போதும். ஆஸ்பத்திரியில் ஈரத்துணி சுற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, மாற்றி மாற்றித் துடைத்தார்கள். மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை கண் செருகியது. உசிலம்பட்டியில் பார்த்த அதே செருகல். அண்ணன் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். நான் பக்கத்தில் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். "நீ சாப்பிட்டியாடா?" என்றார்.

ஐந்து மணிக்குச் சூடு இறங்கியது. அவள் தண்ணீர் கேட்டாள்.

சனிக்கிழமை பாயும் நானும் கருகின வண்டியைப் பார்த்தோம். கம்ப்ரஸரின் வளையம் அப்படியே இருந்தது. அவர் பல்பொடி போட்டுத் தேய்த்த வளையம் ஒரு துளி விடவில்லை. வியாழக்கிழமை அவர் முறுக்கின அதே மூட்டில், ரப்பர் குழாய் வெடித்து வாய் பிளந்திருந்தது. நுரை போட்டிருந்தால் முதல் பிரஷ் தடவலிலேயே தெரிந்திருக்கும். பாய் குனிந்தார். மணலில் கிடந்த என் சீட்டு ஒன்றை எடுத்து, அதிலிருந்த எண்ணைப் பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நுரை போட்டுட்டுத்தான் சூடம்னு நான் ஒத்தக்கால்ல நின்னுருக்கணும் சார்" என்றார்.

"நீங்க முன்னாடியே சொன்னீங்க பாய். கேஸ் இருக்க எடத்துல இருக்காதுன்னு."

"சொன்னா போதுமா?"

திங்கட்கிழமை மில்லுக்கு லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். அந்தப் புத்தகம் அதே அலமாரியில் இருந்தது. நான் குறித்த பக்கம் இருந்தது. அதைப் புரட்டினேன். அந்த வாயுக்கள் எரியக்கூடியவை, காற்றைவிடக் கனமாகையால் தரையோடு தேங்கும், பல விபத்துகளுக்குப் பிறகே அவற்றைக் கைவிட நேர்ந்தது என்று அடுத்த பக்கத்தின் முதல் பத்தியிலேயே இருந்தது. நான் அதைப் படிக்காமல் விட்டேனா, படித்தும் குறிக்காமல் விட்டேனா? என் நோட்டில் பக்கத்தின் கடைசி வரியோடு குறிப்பு முடிகிறது. அந்தப் பத்தியை நின்றபடி வாய்விட்டுப் படித்தேன். நூலகர் முறைத்தார்.

அதற்கு முந்தின நாள், நடை திறந்த ஞாயிற்றுக்கிழமை, எங்களால் கோயிலுக்குப் போக முடியவில்லை. மாலையில் மகளின் தாய்மாமன் எழுமலையிலிருந்து ஓர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கைக்கட்டோடு இருந்த மதினியைப் பார்த்து, "சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ வாய மூடு" என்றார். முற்றத்தில், கரி படிந்த அதே இடத்துக்குப் பக்கத்தில், மாமன் மடியில் உட்கார வைத்து, அவள் கால் இரண்டையும் தண்ணீர் நிறைந்த அண்டாவில் விட்டு, காது குத்தினார்கள். அவள் அழுதாள். அழுகை நின்றதும் கண்ணாடி கேட்டாள்.

மதினியின் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. வண்டி எடைக்குப் போயிற்று. அண்ணன் அதற்குப் பிறகும் என்னிடம் கேள்வி கேட்பதை விடவில்லை. நான்தான் "பாத்துச் சொல்றேண்ணே" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

மகள் படித்துவிட்டுக் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். குளிர்ந்த ஊர் என்று அவளே தேடிக்கொண்ட வேலை. சில வருஷங்களுக்கு முன் அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். காப்பி போட்டுக்கொண்டே, வெகு சாதாரணமாக, வேறெதையோ பேசுகிற பேச்சில் சொன்னாள்:

"அன்னைக்கு உள்ள அடுப்பு வாடை அடிக்குது சித்தப்பான்னு நான் சொன்னேன்ல. புது மிஷினு அப்படித்தான் வாடை அடிக்கும், கதவைத் தொறக்காதேன்னீங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "என்கிட்டயா சொன்னே?"

"உங்ககிட்டதான். கண்ணாடிய ஒரு விரக்கடை எறக்கிச் சொன்னேன். நீங்கதான் ஏத்தச் சொன்னீங்க." என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக, "இல்ல, பாய்கிட்டயோ என்னவோ. எட்டு வயசு, எனக்கென்ன தெரியும்? காப்பி ஆறுது, குடிங்க" என்றாள்.

எனக்கு அது நினைவில் இல்லை. கண்ணாடிகள் முழுக்க ஏறியிருந்ததாகத்தான் என் நினைவு. ஆனால் அந்த நினைவை நம்பலாமா என்பது வேறு விஷயம். அண்ணனைக் கேட்டேன். அந்தப்பக்கம் திரும்பி நின்றிருந்தேன், காதில் விழவில்லை என்றார். மதினி அப்போது சூடம் எடுக்க உள்ளே போயிருந்தாள். வண்டியின் பக்கத்தில் நின்றவர் பாய் ஒருவர்தான். அவர் 1988 வாக்கில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர். பழைய விலாசத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவது திரும்பி வந்தது. இரண்டாவதற்குப் பதிலும் இல்லை, அது திரும்பி வரவும் இல்லை.

ஆகவே இப்படிப் பதிகிறேன்: அன்று 10.02-க்கும் 10.24-க்கும் இடையில் அந்தக் குழந்தை வாடை அடிப்பதாக என்னிடம் சொன்னதா, நான் கண்ணாடியை ஏற்றச் சொன்னேனா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.